வலது பக்கம் வந்து பேசுங்கள்

எனக்குக் காது கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைக் கண்டவுடன் ஊரையே கூட்டுகிற குரலில் கத்துகிறார்கள். கத்த வேண்டாம். நீங்கள் பேசுகிற சத்தம் எனக்கு வந்து சேர்கிறது. சொல்தான் வந்து சேர்வதில்லை. நீங்கள் ‘பால்’ என்றாலும் ‘கால்’ என்றாலும் எனக்கு ‘ஆல்’ என்றுதான் கேட்கிறது. கத்தினால் அந்த ‘ஆல்’ இன்னும் பெரிதாகுமே தவிர, முன்னால் இருக்கிற எழுத்து திரும்பி வராது.

போன மாதம் சுங்கை பட்டாணி பஸ்ஸில் எங்கள் கோவிலுக்கு வரும் ஓர் அம்மா எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் சட்டைப்பையிலிருந்து காதுக்குப் போகிற ஒயரைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார்.

“இன்னும் அந்த வாக்மேன விடலியா புள்ள? இவ்வளவு பட்டும் புத்தி வரலியே!”

நான் பையிலிருந்த பெட்டியை வெளியே எடுத்துக் காட்டினேன். “இது பாட்டுப் பெட்டி இல்ல ஆன்ட்டி. காது மெஷின். ஆஸ்பத்திரியில குடுத்தது.”

“என்னது?” என்றார் அவர். பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் தீர்மானித்தேன், நடந்ததை ஒருமுறை முழுதாக எழுதி வைத்துவிடுவது என்று. அதன் பிறகு யார் கேட்டாலும் இதை நீட்டிவிடலாம்.

எங்கள் வீடு சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா தோட்டத்து ஆலையில், உறைந்த ரப்பர் பாலை உருளைகளில் விட்டுத் தகடாக்கும் மெஷின்களில் வேலை பார்க்கிறார். அம்மா பால் மரம் வெட்டுகிறார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார். எனக்குப் பின்னால் ஒரு தம்பி, ஜோசப். நாங்கள் ஜோ என்போம். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடித்ததும் பட்டணத்தில் ஒரு கேசட் கடையில் வேலை கிடைத்தது. எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வீடு டேப் ரிக்கார்டர் வந்துவிட்ட நேரம். ஆட்கள் வேண்டிய பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அந்த வரிசையில் வெறும் கேசட்டில் பதிந்து கொடுப்பதுதான் என் வேலை.

கடை வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். ஜாலானில், அதாவது தெருவில், போகிறவர்களை இழுக்க அவை காலையிலிருந்து கடை அடைக்கும்வரை அலறிக்கொண்டிருக்கும். அந்த அலறலுக்குப் பின்னால் ஒரு மேசை, இரண்டு டேப் டெக், ஒரு ஹெட்போன், நான். பதிகிற பாட்டு இழுக்கிறதா, இரைகிறதா, நடுவில் அறுகிறதா என்று முழுவதும் கேட்டாக வேண்டும். வாசலில் ஒரு பாட்டு, காதில் இன்னொரு பாட்டு. வாசல் பாட்டு உள்ளே வராமல் இருக்க வேண்டுமென்றால் காதுப் பாட்டைக் கூட்டத்தான் வேண்டும். கூட்டினேன். எல்லாரும் அப்படித்தான் கூட்டுவார்கள்.

பாட்டு எனக்கு உயிர், அதையும் மறைக்கவில்லை. முதல் போனஸில் வாங்கியது வாக்மேன்தான். வீட்டுக்குப் போகிற பஸ்ஸின் எஞ்சின் உறுமலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்று அதையும் கூட்டி வைத்தேன். இப்போது எல்லாரும், “அப்பவே கொறச்சிருக்கலாம்ல?” என்கிறார்கள். அப்போது ஒருவர் சொல்லவில்லை. வாங்கிய கடைக்காரர் சொல்லவில்லை, வேலை கொடுத்த முதலாளி சொல்லவில்லை, பாட்டுக்கு என்னோடு சேர்ந்து தலையாட்டிய தோழிகள் சொல்லவில்லை. காது என்பது தேய்கிற சாமான் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

வேலை முடிந்து ஹெட்போனைக் கழற்றினால் காதில் பஞ்சை அடைத்ததுபோல இருக்கும். கூடவே ஒரு பூச்சிச் சத்தம். ஒரு நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டேன், “இன்னிக்கு என்னம்மா பூச்சி இந்தக் கத்து கத்துது?”

“எந்தப் பூச்சி?” என்றார் அம்மா. “ஒன்னும் கத்தலியே லா.”

காலையில் எழுந்தால் சத்தம் போயிருக்கும். அதனால் நானும் அதை விட்டுவிட்டேன். பிறகு பெண்கள் பேசுவது, சின்னப் பிள்ளைகள் பேசுவது சரியாகப் பிடிபடாமல் போனது. கடைக்கு வந்த ஒரு பெண் மூன்று தரம் சொல்லியும் புரியாமல் நான் விழித்தபோது, “திமிரப் பாத்தியா?” என்று அவள் தன் அக்காவிடம் சொன்னாள். அது மட்டும் நன்றாகவே கேட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் நிற்க இடமில்லை. முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய ஆம்பிளிஃபயர் வாங்கி வந்திருந்தார். நல்ல மனிதர். கடைச் சோறு ஆகாது என்று எனக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வருகிறவர். ஆனால் எதையும் தானே மாட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. நான் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மறந்து, என் மேசைக்குப் பின்னால் குனிந்து ஒயரை மாற்றிக் குத்தினார்.

ஒரு கீச்சல். அதைச் சத்தம் என்று சொல்ல முடியவில்லை. பழுக்கக் காய்ச்சிய கம்பி ஒன்று ஒரு காதில் நுழைந்து மறு காதில் வந்ததுபோல இருந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். கடை சுற்றியது, குமட்டியது. முதலாளியின் வாய் அசைந்தது. வாசல் ஸ்பீக்கர் எங்கோ கிணற்றுக்குள் பாடியது. இடது காதில் ஒரு விசில், அதைத் தவிர ஒன்றுமில்லை.

“சின்னச் சத்தந்தான லா. தண்ணி குடி. நாளைக்குச் சரியாயிரும்,” என்று அவர் சொன்னதாக, பிறகு பக்கத்தில் நின்றவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்று கடை அடைக்கும்வரை வலது காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருவது அந்தக் கீச்சலை நினைத்தல்ல, அதற்குப் பிறகு உட்கார்ந்து செய்த அந்த வேலையை நினைத்துத்தான்.

மறுநாள் சரியாகவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, “அழுக்கு அடச்சிருக்கு,” என்று சொட்டு மருந்து கொடுத்தார். சொட்டு மருந்தில் கேட்கவில்லை. அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டார். விடும்போது அவர் கை என் கன்னத்தில் இருந்த இதத்துக்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டணத்துக் கிளினிக்கில் ஒரு டாக்டர் பெரிய ஊசிக்குழாயில் வெந்நீர் பீய்ச்சிக் காதைக் கழுவினார். வந்த அழுக்கைக் கிண்ணத்தில் வைத்து எனக்கே காட்டி, “ஆச்சு, போ,” என்றார். எழுந்து நின்றவள் அப்படியே அவர் மேசைமேல் சாய்ந்தேன். அவ்வளவு தலைசுற்றல். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இப்படியே நாட்கள் போயின. ஒவ்வொருவரும் காதின் வாசலைத்தான் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் இன்னொரு கிளினிக்கில் ஒரு லேடி டாக்டர், இரண்டு பல் உள்ள இரும்புக் கவை ஒன்றைத் தன் முழங்கையில் தட்டி, அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே என் நடுநெற்றியில் வைத்தார். “எந்தப் பக்கம் கேக்குது?” என்று கையால் கேட்டார். வலது பக்கம் என்று காட்டினேன். அடைப்பு மட்டும் இருந்தால் சத்தம் அடைபட்ட பக்கம்தான் கேட்குமாம். கேட்காத பக்கத்தை விட்டு ஓடினால் கோளாறு உள்ளே, நரம்புப் பக்கம். ஒரு நிமிஷச் சோதனை. அதற்கு இத்தனை நாள்.

“இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?” என்று அவர் அம்மாவைத் திட்டினார். “இது உடனே பாக்க வேண்டிய விஷயம். இப்பவே பினாங்குக்குப் போங்க.”

அம்மா அழுதுவிட்டார். ஒரு நாளும் சும்மா இருக்காமல் என்னை இழுத்துக்கொண்டு அலைந்தவருக்குக் கிடைத்த பேச்சு அது.

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, தீவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது மூக்குத் தொண்டைப் பகுதியில் நீண்ட பெஞ்சுகள். பாதிப்பேர் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நடுவில் ஒருமுறை கழிவறைக்குப் போயிருந்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய் வந்துவிட்டார்கள். அம்மா போய்க் கேட்டபோது, “கூப்பிட்டோமே, உங்க மகதான் வரல,” என்றார்கள்.

காது கேட்காதவர்கள் வந்து உட்காருகிற இடத்தில் பெயரை வாயால் கூப்பிடுகிறார்கள்! இதை நான் தமிழ் தெரிந்த மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போனேன்.

உள்ளே சுவரெல்லாம் மெத்தை வைத்த ஒரு சின்ன அறை, ஒரு பக்கம் கண்ணாடி. என்னை உட்காரவைத்து என் தலையில் மாட்டினார்கள், ஹெட்போனை. ‘பீப்’ சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும். எனக்குள்ளேயே ஒரு விசில் ஓடிக்கொண்டிருக்கும்போது எது பீப், எது விசில்? தோன்றியபோதெல்லாம் அழுத்தினேன். “தெரியலன்னா அழுத்தாதே,” என்றார்கள். அழுத்தாமல் இருந்தேன். “தூங்கிட்டியா?” என்றார்கள்.

அந்தச் சோதனைக்கு ஆடியோகிராம் என்று பெயர். கட்டையான சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம்வரை ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு உரக்க இருந்தால் நமக்குக் கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டுவது. என் வலது காதின் கோடு மேடாகப் போய், கீச்சுச் சத்தம் வருகிற இடத்தில் பள்ளத்தில் விழுந்து, கொஞ்சம் ஏறியது. இடது காதின் கோடு ஆரம்பத்திலிருந்தே கீழே கிடந்தது.

டாக்டர் இளவயதுச் சீனர். வாயை மூடிய துணியோடு மலாயில் பேசினார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. துணியைக் கழற்றச் சொன்னேன். கழற்றிவிட்டுச் சிரித்தபடி, “ருமா டி மானா?” என்றார். வீடு எங்கே என்று கேட்கிறார். சுங்கை லாலாங் என்றேன்.

“அப்போ உனக்கு லாலாங் புல் தெரியும்,” என்றார். காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஒன்று இருக்கிறது, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் நிற்கின்றன, சத்தம் வரும்போது அவை அசைந்து மூளைக்குச் சேதி சொல்கின்றன என்று படம் போட்டுக் காட்டினார். “லாலாங் மேல ஒருத்தர் ஒரு தடவை நடந்தா சாயும், மறுபடி நிமிரும். தினமும் அதே தடத்தில நடந்தா?”

“வழி விழுந்திரும்.”

“அங்க மறுபடி புல் முளைக்குமா? காதுல முளைக்காது. ரெண்டு காதிலயும் வழி விழுந்தது நாள்பட்ட ஹெட்போனால. அந்தக் கீச்சல், இடது காதில லாரி ஏறின மாதிரி. லாரி சாய்ச்சதில கொஞ்சம் நிமிரலாம். பாப்போம்.”

அன்றே வார்டில் சேர்த்தார்கள். உள்வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மாத்திரை, இரத்த ஓட்டத்துக்கு ஒரு டிரிப், ஒரு வைட்டமின் ஊசி. கட்டிலை விட்டு அதிகம் எழக்கூடாது, குனியக்கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது. சத்தமே ஆகாது. ஆனால் வார்டில் தட்டு விழுகிறது, தள்ளுவண்டி கிறீச்சிடுகிறது, ஒரு குழந்தை ஓயாமல் அழுகிறது. எது விழுந்தாலும் நான் இடது காதைப் பொத்துவேன். கேட்காத காதைப் பொத்துகிறாளே என்று பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. அந்தக் காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் வலிக்கும். இரண்டும் ஒரே காதுக்கு எப்படி என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஸ்டீராய்டில் பசி பிடுங்கியது, முகம் வீங்கியது, தூக்கம் போனது. ஊர் அடங்கினால் உள்ளே விசில் ஏறும். அணைக்க முடியாத ரேடியோ அது.

பக்கத்துக் கட்டிலில் கோத்தா கோலா மூடாவிலிருந்து வந்த ஒரு மலாய்க்கார அம்மா. மக்சிக் என்று கூப்பிடுவேன், பெரியம்மா மாதிரி. சீழ் வடிந்த காதுக்கு எலும்பில் ஆபரேஷன் செய்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மீன்பிடி போட்டில் போகிறவர். படகு எஞ்சினோடு வாழ்நாளெல்லாம் கத்திப் பேசிப் பழகியவர் என்பதால் மக்சிக்குக்கும் அதே பழக்கம். ஆனால் என் எதிரே வந்து உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே பேச்சு அவருடையது. உதட்டைப் பார்த்துச் சொல்லைப் பிடிக்க நான் கற்றுக்கொண்டது அவர் வாயிலிருந்துதான்.

அம்மா மரம் வெட்டிவிட்டு, பஸ்ஸும் ஃபெரியும் மாறி இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்துவிடுவார். கடைச் சம்பளம் நின்றுபோயிருக்குமே, இப்படி வந்து போக எப்படி முடிகிறது என்று கேட்டால், “அத நீ ஏன் நெனைக்கிற, சாப்புடு,” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜோவும் கூட வந்தான். வார்டின் வாசலிலிருந்தே, “அக்கா! எப்படி இருக்கே? பசியாறிட்டியா?” என்றான். நாலு கட்டில் தாண்டியும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்காகத்தான் கத்துகிறான் என்று நினைத்தேன், மனம் இளகியது. கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸி வந்து அவனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் தலையைச் சாய்த்து, “ஆ?” என்றான். மறுபடி சொன்னார். “ஓ, நாற்காலியா!” என்று அதே கத்தலில் பதில் சொன்னான்.

மக்சிக் என் பக்கம் திரும்பி, “ஆடிக் அவாக் புன் பெக்காக் கா?” என்றார். உன் தம்பிக்கும் காது கேட்காதா என்று.

நான் ஜோவின் பக்கம் திரும்பினேன். “ஏன்டா இப்படிக் கத்துற?”

“நானா? சாதாரணமாத்தான பேசுறேன்.”

“நீ எங்க வேல பாக்குற இப்ப?”

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா போர்வையின் மடிப்பைச் சரிசெய்தார்.

என் மேசையில், என் நாற்காலியில், என் ஹெட்போனோடு அவன் உட்கார்ந்திருந்தான். நான் வார்டில் சேர்ந்த மறுநாளே முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் முடித்துச் சும்மா இருந்த பிள்ளை. அக்கா இடத்தைத் தம்பி பிடித்து வைத்திருந்தால் நாளைக்கு அக்கா திரும்பிப் போகலாம் என்று அம்மாவும் சரி என்றிருக்கிறார். என்மேல் அன்பு வைத்தவர்கள் சேர்ந்து செய்த காரியம். என்னிடம் சொன்னால் கவலைப்படுவேன் என்று மறைத்ததும் அன்பினால்தான். அந்த அன்பை என்ன செய்வது என்று தெரியாமல் நான் கத்த ஆரம்பித்தேன்.

“டாக்டர் சொன்னத நான் உன்கிட்ட சொன்னேன்லம்மா? லாலாங் கதையெல்லாம் சொன்னேன்ல?”

வார்டே எங்களைப் பார்த்தது. வெட்கத்தில் அம்மா குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். ஜோவும் தாழ்த்தி ஏதோ சொன்னான். இருவரும் தலையைக் குனிந்து பேசினார்கள். எனக்கு உதடும் தெரியவில்லை, சொல்லும் கேட்கவில்லை. என் சண்டையிலேயே எனக்கு இடமில்லை. “இங்க பாத்துப் பேசுங்க!” என்று கட்டிலைத் தட்டினேன். அப்போது ஜோ நிமிர்ந்து, என் முகத்துக்கு நேரே, நன்றாகப் புரியும்படி சொன்னான்:

“உனக்குக் காது போனதுலேருந்து, எல்லாருக்கும் போன மாதிரியே தெரியுதுக்கா உனக்கு.”

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அம்மா வாழைப்பழத்தை உரித்து என் கையில் வைத்தார். நான் அதைத் தின்னவில்லை.

என்னை வீட்டுக்கு அனுப்பும்போது வலது காது கொஞ்சம் தேறியிருந்தது. இடது காதில் கட்டையான சத்தங்கள் பாதி திரும்பின. கீச்சுச் சத்தங்கள் திரும்பவில்லை. “இதுக்கு மேல வராது. இருக்கிறதைக் காப்பாத்திக்க,” என்றார் டாக்டர். காது மெஷினுக்கு அளவெடுத்தார்கள். விசில் போகுமா என்று கேட்டேன். “பழகும்,” என்றார். போகுமா என்று கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

வீட்டில் ரேடியோ முன்போலவே அலறிக்கொண்டிருந்தது. அதுவரை எனக்கு அது வீட்டின் சாதாரணச் சத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காதுக்குத்தான் அது அலறல் என்று தெரிந்தது. அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவைத் தொட்டுத்தான் கூப்பிடுவோம். எப்போதுமே அப்படித்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

எதிரே உட்கார்ந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். ஹெட்போன், நத்தை ஓடு, புல், வழி. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கேட்டார், “பெருஞ்சத்தம்னா... ஆல மெஷின் மாதிரியா?”

“ஆமாப்பா.”

“எனக்கும் அதுலதானா?”

“அதுலதாம்ப்பா இருக்கும்.”

கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார். பிறகு, “வயசாயிருச்சுன்னு நெனச்சேன்,” என்றார். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

வேலையை விடச் சொன்னால் ஜோ கேட்பதாயில்லை. சாயங்காலம் வந்தால் என்னோடு பேசுவதில்லை. அம்மா நடுவில் நின்று இருவருக்கும் சோறு போட்டார். தன் பாட்டுக்குப் போய் வருகிறான், அவனுக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது. எனக்குப் பிடித்திருந்த மாதிரியே. அதுதான் எனக்குப் பயம்.

அந்த வாரக் கடைசியில் அப்பா ஆலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, “வா, கடைக்குப் போவோம்,” என்றார்.

கடை வாசலில் ஸ்பீக்கர் அடித்த அடியில் என் பல் கூசியது. முதலாளி என்னைக் கண்டு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஏதேதோ சொன்னார். அப்பா, “ஆ?” என்றார். நான், “என்ன?” என்றேன். அவர் இன்னும் உரக்கச் சொன்னார். எங்களுக்கு இன்னும் புரியவில்லை. நாங்கள் மூவரும் அந்தப் பாட்டுக்கு நடுவே நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை முட்டியது. அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். சுவரோரம் போய் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினார்.

ஜாலானே அமைதியானதுபோல இருந்தது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“எங்க வீட்ல ரெண்டு பேரு காது போச்சு முதலாளி,” என்றார் அப்பா. “மூணாவது தர மாட்டேன்.”

“நான் வேணும்னு செய்யல அண்ணே,” என்றார் முதலாளி.

“தெரியும்.”

ஜோ உள்ளே எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. கடைப் பாட்டு நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதலாளி கூப்பிட்டார். அப்பா போய் அவன் தலையிலிருந்து ஹெட்போனைத் தூக்கினார். அவன் துள்ளித் திரும்பினான். ஹெட்போன் அப்பாவின் கையில், நீட்டிய கை தூரத்தில், கரகரவென்று பாடிக்கொண்டிருந்தது.

அப்பா அதை உற்றுப் பார்த்தார். “டேய்,” என்றார். “எனக்கே கேக்குதுடா.”

ஜோ எதிர்த்துப் பேச வாயெடுத்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு டெக்கை அணைத்தான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நான் மெஷின் வாங்கப் போனபோது, லேடி டாக்டரிடம் கடிதம் வாங்கி ஜோவையும் அப்பாவையும் கூட்டிப் போனேன். ஜோ வேண்டா வெறுப்பாக வந்தான், ஃபெரியில் தனியாக நின்றான். அவனுடைய கோட்டில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. வேலையை விட்டதால் அவ்வளவோடு நின்றது என்றார் டாக்டர். ஜோ அப்போதும், “பாத்தியா, ஒன்னுமில்ல,” என்பதுபோல என்னைப் பார்த்தான். எனக்கு அவனை அறைய வேண்டும்போலவும் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

பிறகு அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லிப் பொத்தானைக் கையில் கொடுத்தார்கள். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, கோவிலில் உட்கார்வதுபோல நேராக உட்கார்ந்தார். வெளியே சோதனை செய்கிறவரின் கை திருகைத் திருப்பிக்கொண்டே போனது. ஒவ்வொரு சத்தம் போகும்போதும் மெஷினில் ஒரு சின்ன விளக்கு எரியும். விளக்கு எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. அப்பாவின் கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது. அசையவில்லை.

ஜோ என் பக்கத்தில் வந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றான். விளக்கையும் அப்பாவின் விரலையும் மாறி மாறிப் பார்த்தான். “அழுத்துப்பா,” என்றான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே.

அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மெதுவாக வாயசைத்து ஏதோ கேட்டார். ஜோவுக்கு உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாது. எனக்குத் தெரியும்.

“என்னக்கா சொல்றாரு?”

“எப்ப ஆரம்பிப்பாங்கன்னு கேக்குறாரு,” என்றேன்.